குல்ஃபிப் பெட்டியில் கிறிஸ்மஸ் கேக்

1

எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொன்ன விஷயத்தைத் திருத்தாதீர்கள். நம் ஊர்க் கோயில் மலருக்குப் பம்பாய்ச் சேதி ஏதாவது எழுதி அனுப்பச் சொன்னபோது நான் போட்ட நிபந்தனை இது ஒன்றுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பைபிளும் பாட்டுப் புத்தகமும் தடங்கலில்லாமல் வாசிப்பேன். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். போகட்டும். இப்போது எனக்குப் பொழுது இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதுதான் சேதி.

போன டிசம்பரோடு நான் தாராவிக்கு வந்து நாற்பத்தாறு வருஷம். பம்பாய் என்ன சீமையா, அதுவும் நம் நாடுதானே என்று ஊரில் சிலர் சொல்வதுண்டு. ரயிலை விட்டு இறங்கி, குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்க ஒரு வார்த்தை தெரியாமல் நின்றவளிடம் கேளுங்கள், அது சீமையா இல்லையா என்று.

என்னை இங்கே கேக் எஸ்தர் என்பார்கள். என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் வேலையில் இருந்தார். நான் செம்பூரில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போனேன். அந்த வீட்டு அம்மாள்தான் கேக் கற்றுத் தந்தார்கள். வெண்ணெய்க்கு ஒரு கிண்ணம், சர்க்கரைக்கு ஒரு கிண்ணம், மாவுக்கு ஒரு கிண்ணம். கிண்ணம் மாறாதவரைக்கும் கேக் மாறாது என்றார்கள். அந்தக் கிண்ணம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இப்போது கேக் வாங்குகிறவர்கள் எல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் காலை லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிற வீட்டுக்காரர்கள். பிள்ளைகளின் டிபனுக்கு வெண்ணெய்க் கேக், சாயங்காலத்துக்கு பிஸ்கட், கிறிஸ்மஸுக்குப் பழக் கேக். செம்பூரில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். அவளுடைய அம்மா காலத்திலிருந்து என் கேக்தான். மாட்டுங்காவில் ஒரு வீட்டில் முட்டை ஆகாது. அவர்களுக்கு முட்டையில்லாத நான்கட்டாய் பிஸ்கட் மட்டும், அதுவும் தனிப் பாத்திரத்தில். இப்படி இருபத்தேழு வீடு.

இத்தனை கேக் சுடுகிறவள் வீட்டில் ஓவன் அடுப்பு கிடையாது. ஆச்சரியப்படாதீர்கள், எங்கள் பக்கத்தில் யாரிடமும் கிடையாது. மாவை வீட்டில் கலக்கித் தகரத்தில் ஊற்றி, தெரு முனை பேக்கரிக்குத் தூக்கிப் போவோம். காலையில் பாவ் ரொட்டி சுட்டு முடித்த பிறகும் விறகு அடுப்புக்குள் சூடு நிற்கும். அந்த மிச்சச் சூட்டில் மத்தியானம் எங்கள் தகரங்கள் போகும். தீபாவளிக்கு மராட்டியப் பெண்களின் தட்டு, ரம்ஜானுக்கு முஸ்லிம் வீட்டுத் தட்டு, டிசம்பரில் எங்களுடையது. அவரவர் தகரத்துக்கு அவரவர் அடையாளம். என்னுடையதில் ஓரத்தில் மூன்று ஆணித் துளை. நாற்பது தகரம் உள்ளே போனாலும் என்னுடையது என்னிடம்தான் வரும்.

2

போன அக்டோபரில் ஒரு மத்தியானம், அடுப்பிலிருந்து என் தகரத்தை இழுத்து வெளியே வைத்துவிட்டு பேக்கரி யூசுப் மாஸ்டர் சும்மா நின்றார். வேலை நேரத்தில் சும்மா நிற்கிற ஆள் இல்லை அவர். உத்தரப் பிரதேசத்துக்காரர். இருபது வருஷமாக நம்மவர்களோடு பேசிப் பேசி அவர் பேச்சு இந்தியுமில்லாமல் தமிழுமில்லாமல் ஆகிவிட்டது. எங்களுக்குப் புரியும்.

"அம்மா, நவம்பர் வரைக்கும்தான். அப்புறம் விறகு பந்த். அடுப்பு உடைக்கிறான்."

"உடைச்சா பாவுக்கு என்ன செய்வீங்க?"

"கேஸ் அடுப்பு வரும். ஜனவரி ஆகும், பிப்ரவரி ஆகும். சர்க்கார் காகிதம் வரணும்."

"கிறிஸ்மஸ் டிசம்பர்லல்லா வருது மாஸ்டர்."

"அது எனக்கு மாலும், தெரியும் அம்மா. கடை சேட்டுக்குத்தான் மாலும் இல்லை."

அன்று கேக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தது நினைவில்லை. விறகுப் புகை ஊருக்கு ஆகாது என்று சர்க்கார் தடுக்கிறது, அதுவும் நியாயம்தான். அந்தப் புகையில் இருமியவள்தானே நானும். ஆனால் இருபத்தேழு வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?

என் மகன் சாமுவேல் பாண்டுப்பில் குடியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து குடும்பத்தோடு என் வீட்டுக்கு வந்தான். கேட்டதும் முதல் வார்த்தையே, "நல்லதாப் போச்சும்மா" என்றான்.

"என்னலே நல்லது?"

"முட்டு வலிக்கின்னு சொல்லுத. அடுப்பும் போச்சு. போதும்மா, பாண்டுப்புக்கு வந்துரு."

மருமகள் பியூலா என் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் ஆபீஸ் போகிறவள்தான். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "அத்தை, நவம்பர்லயே சுட்டு ஃப்ரீஸர்ல வச்சிட்டா என்ன?"

"வச்சு?"

"கிறிஸ்மஸுக்கு எடுத்துக் குடுப்போம்."

"ஒரு மாசத்துக் கேக்கையா? பழசை விக்கச் சொல்லுதியா என்னைய?"

"பழசு இல்ல அத்தை. எங்க வீட்டுக்கு வந்தா இட்லி நல்லா இருக்குன்னு சாப்பிடுதியள்ளா, அந்த மாவு எப்ப அரைச்சதுன்னு நெனச்சிய?"

"எப்ப?"

"சொல்ல மாட்டேன். சொன்னா சாப்பிட மாட்டிய."

சாமுவேல் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்து, சின்னப் பிள்ளையில் பம்பரத்துக்குப் பந்தயம் கட்டுவானே, அந்தக் குரலில் சொன்னான். "சரிம்மா. இந்த வருசம் வச்சுப் பாரு. ஒரே ஒரு வீட்டுல கேக் கெட்டுப்போச்சுன்னு சொன்னாலும் ஜனவரியில பாண்டுப்புக்கு வந்துரணும். அப்புறம் கேக் பேச்சே எடுக்கப்படாது."

"சரிலே" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அவன் கேட்ட தோரணை அப்படி.

பாண்டுப் வீட்டைக் குறை சொல்லமாட்டேன். லிஃப்ட் இருக்கிறது, குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் இருக்கிறது, பியூலா தங்கமான பெண். ஆனால் அங்கே போனால் நான் சாமுவேலின் அம்மா. இங்கே நான் கேக் எஸ்தர்.

3

முதல் கேக்கை நான்தான் கெடுத்தேன். பியூலாவின் ஃப்ரிட்ஜில் மேலே ஒரு சின்ன ஐஸ் அறை உண்டு. சோதனைக்கு ஒரு வெண்ணெய்க் கேக்கைச் சுட்டு, சூடு ஆறுமுன்னே அவசரமாகச் சுற்றிக் கொண்டுபோய் அதில் வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் உள்ளே எல்லாம் பொடி ஐஸ். இளகினதும் மேல்பாகம் நனைந்த பஞ்சாகிவிட்டது. அதை எடுத்துத் தின்றேன். நான் செய்த தப்பை நான்தானே தின்னவேண்டும்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. கேக் அடிவரைக்கும் ஆறவேண்டும். அடியில் கை வைத்துப் பார்த்தால் தரை மாதிரி இருக்கவேண்டும். முதலில் வெண்ணெய்த்தாள், அதன் மேல் காற்றுப் போகாமல் பிளாஸ்டிக் தாள், அதற்கு மேல் அலுமினியத் தாள். டிபனுக்குப் போகிற கேக்கைத் துண்டு போட்டு ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சுற்றினால், காலையில் அவசரத்தில் ஒன்றை மட்டும் எடுத்துப் பிள்ளையின் டப்பாவில் போட்டுவிடலாம். இடைவேளை மணி அடிக்கும்போது அது தானாக இளகியிருக்கும். பிஸ்கட் மாவைச் சப்பாத்திக் கட்டை மாதிரி உருட்டி உறையவைத்தால், ஓவன் இருக்கிற வீடுகளில் வேண்டும்போது வில்லை வில்லையாக வெட்டிச் சுட்டுக்கொள்ளலாம். முக்கியமானது கடைசியில்தான் பிடிபட்டது. வெளியே எடுத்ததும் தாளைப் பிரிக்கக்கூடாது. சுற்றினபடியே இளகவிடவேண்டும். அப்போது வேர்வை தாளுக்கு மேலே நிற்கும், கேக்குக்குள் போகாது.

இரண்டு வாரம் கழித்து பியூலா என் முன்னால் இரண்டு தட்டு வைத்தாள். ஒன்றில் நான் அன்றைக்குக் கொண்டுபோன கேக். இன்னொன்றில் ஐஸ் அறையிலிருந்து வந்தது.

"எது இன்னைக்குச் சுட்டது, சொல்லுங்க பாப்போம்."

முகர்ந்து பார்த்தேன். பிட்டுப் பார்த்தேன். முப்பது வருஷம் கேக் சுட்டவளுக்கு இது ஒரு கேள்வியா என்று இடது பக்கத் தட்டைக் காட்டினேன்.

பேத்தி ஷரோன் சோபாவில் குதித்தாள். "ஆச்சி ராங்! ஆச்சி ராங்!"

நான் புதுசு என்று காட்டினது பதினைந்து நாள் கேக். தோற்றதில் அப்படி ஒரு நிம்மதி வரும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

4

அடுத்த கேள்வி, வைப்பது எங்கே? இருபத்தேழு வீட்டுக் கேக் பியூலாவின் ஐஸ் அறையில் அடங்காது. என் வீட்டில் பெட்டி வாங்கி வைத்தால் நான் வெளியேதான் படுக்கவேண்டும்.

என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ராம்தனி பையாவின் குடும்பம். பையா என்றால் அண்ணன். குல்ஃபி செய்து தள்ளுவண்டியில் விற்கிறவர். அவர் வீட்டுப் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய ஐஸ் பெட்டி நிற்கும். மழைக்காலம் முடிந்து குளிர் தட்டினால் குல்ஃபி வாங்க ஆள் கிடையாது. அவர் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, கைப்பிடியில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார். சிவராத்திரிக்குத் திரும்பி வருவார். அவர் மனைவி ஊர்மிளா இங்கேயே இருப்பாள். ஆக, கேக்குக்கு இடம் வேண்டிய மாதங்களில்தான் குல்ஃபிப் பெட்டி காலி. இத்தனை வருஷம் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன்.

கேட்கப் போனேன். மறைத்துக் கேட்கப் பிடிக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். "பையா, கேக் மே அண்டா ஹே." கேக்கில் முட்டை இருக்கிறது. அவர்கள் வீட்டில் முட்டை நுழைந்ததில்லை.

ஊர்மிளாவின் முகம் சுருங்கியது. ராம்தனி பையா கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "மூணு தாள் சுத்தி வைக்கிறே. பெட்டியைச் சீசனுக்கு முன்னே எப்படியும் கழுவுறோம். வச்சுக்கோ மௌசி. ஒரு பேச்சு, பால் பாத்திரத்தைத் தொடாதே." மௌசி என்றால் சித்தி, பெரியம்மா. ஊர்மிளா பால் பாத்திரங்களை எடுத்து உள்ளே தள்ளிவைத்தாள். அது எனக்கு உறுத்தியது.

இதற்கு நடுவில் சர்க்கார் பதிவு. சாப்பாட்டுச் சாமான் விற்கிறவர்கள் எல்லாரும் பதியவேண்டும் என்று பியூலா பிடிவாதம் பிடித்தாள். கம்ப்யூட்டர் கடையில் ஒரு தமிழ்ப் பெண் விண்ணப்பம் நிரப்பினாள்.

"ஆன்ட்டி, தயாரிக்கிற இடம்?"

"கலக்குறது என் வீட்ல. சுடுறது பேக்கரில. வைக்கிறது குல்ஃபிக்காரர் வீட்ல."

"ஐயோ, ஒரு இடம் சொல்லுங்க. கட்டம் ஒண்ணுதான் இருக்கு."

"தாராவின்னு போடு. மூணும் தாராவிலதான் இருக்கு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு என் வீட்டு விலாசத்தைப் போட்டாள். கடைசியில் மை அட்டையை என் பக்கம் நகர்த்தினாள். அதைத் திருப்பி நகர்த்திவிட்டுப் பேனாவைக் கேட்டேன். பின்னால் மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று முழுப் பெயரையும் எழுதினேன்.

நவம்பர் கடைசி வாரம் யூசுப் மாஸ்டர் மற்றவர்களின் தட்டைத் தள்ளிவைத்து எனக்கு மூன்று மத்தியானம் கொடுத்தார். எல்லாம் சுட்டு, ஆறவைத்து, சுற்றி, பெட்டியை வாய்வரைக்கும் நிரப்பினோம். நிறைந்த பெட்டிதான் குளிரை நன்றாகப் பிடித்துவைக்கும்.

பெட்டி மூடின பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. அதன் முகப்பில் ஒரு சின்ன விளக்கு உண்டு. பச்சையாக எரிந்தால் சரி என்றாள் பியூலா. இப்போது பச்சையாக எரிகிறது, சரி. நான் பார்க்காத நேரத்தில் என்னவாக எரிந்தது என்று அந்த விளக்கு சொல்லுமா?

அப்போதுதான் அப்பா நினைவுக்கு வந்தார். நம் கடற்கரையில் அவர் மீன் ஏலம் எடுத்தவர் என்று பெரியவர்களுக்குத் தெரியும். ஒரு தடவை வெளியூர் வியாபாரி கொண்டுவந்த பெட்டியில், மேலே ஐஸ் பளபளவென்று இருக்க, நம்பி வாங்கினார். உள்ளே மீன் நாறிப்போயிருந்தது. வழியில் இளகின பெட்டியை மறுபடி உறையவைத்துக் கொண்டுவந்திருக்கிறான். அதிலிருந்து அப்பா மீனைப் பார்க்கமாட்டார், ஐஸைத்தான் பார்ப்பார். உடைத்துப் போட்ட ஐஸ் உடைத்தபடியே துண்டு துண்டாகக் கிடந்தால் பெட்டி இளகவில்லை. ஒரே கட்டியாகச் சேர்ந்திருந்தால் நடுவில் தண்ணீராகி மறுபடி உறைந்தது என்று அர்த்தம். நான் பார்த்து வளர்ந்த பாடம் அது. பள்ளிக்கூடத்துப் பாடங்கள் மறந்துவிட்டன.

வீட்டுக்குப் போய் என் எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். நாங்கள் குடித்தனம் வைத்த வாரத்தில் வீட்டுக்காரர் பாத்திரக் கடையில் என் பெயரைத் தமிழில் வெட்டி வாங்கித் தந்தது. ஐஸ் வாங்கி உடைத்து, டம்ளரில் பாதி போட்டு, மூடி வைத்து, பெட்டியில் கேக்குக்கு எல்லாம் மேலே வைத்தேன். மேலே இருப்பதுதான் முதலில் இளகும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பியூலா சிரிப்பாள்.

5

கிறிஸ்மஸுக்கு நாலு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை காலையில், கேக்குகளைப் பிரித்துக் கொடுக்க பியூலாவும் ஷரோனும் வந்திருந்தார்கள். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஊர்மிளா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"மௌசி, முஜ்ஸே கல்தி ஹோ கயி."

தப்பு நடந்துவிட்டது என்கிறாள். என்ன தப்பு என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை, அழுதுகொண்டே கொட்டினாள். தங்கைக்குப் பிரசவம் என்று வியாழக்கிழமை விடியக்காலம் உல்லாஸ்நகருக்குப் போயிருக்கிறாள். போகும்போது வீட்டைப் பூட்டி, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டாள். எங்கள் தெருவில் எல்லாரும் செய்வதுதான். ஒரு வீட்டில் கம்பி உரசினால் பத்து வீடு எரியும் இடம் இது. ஆளில்லாத வீட்டில் கரண்டை விட்டுப்போகிறவளைத்தான் நாங்கள் திட்டுவோம். கை தானாக மெயினை இறக்கியிருக்கிறது. மறுநாள் அங்கே ஒரு மருந்துக் கடை வாசலில் ஐஸ்கிரீம் பெட்டியைப் பார்த்ததும்தான் என் கேக் இருக்கிற பெட்டி நினைவு வந்ததாம். தங்கையை அப்படியே விட்டுவிட்டு ரயிலேறி, வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து சுவிட்சைப் போட்டிருக்கிறாள்.

ஒரு நாளும் கூடக் கொஞ்சமும்.

உண்மையைச் சொல்லவேண்டும். முதலில் எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. முட்டை பிடிக்காமல் வேண்டுமென்றே செய்தாளோ என்று. அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா? பச்சை விளக்கு பச்சையாகத்தானே எரிந்திருக்கும்?

"உள்ள வா. டீ குடி" என்றேன். அவள் வரவில்லை. நாங்கள்தான் அவளோடு போனோம்.

பெட்டியைத் திறந்ததும் பியூலா ஒரு கேக்கை எடுத்து முட்டியால் தட்டினாள். "கல்லு மாதிரி இருக்கு அத்தை. ஒண்ணும் ஆகல."

"இப்ப கல்லா இருக்கு. நேத்து என்னவா இருந்துச்சு?"

"பழக் கேக் எப்பிடியும் தாங்கும்லா?"

"பழக் கேக் தாங்கும். வெண்ணெய்க் கேக்கு? பிஸ்கட் மாவுல பச்சை முட்டை கெடக்கு. அது பிள்ளைங்க வயித்துக்குப் போறது."

பியூலா குரலைத் தாழ்த்தினாள். "உங்க மகன்கிட்ட நான் சொல்ல மாட்டேன் அத்தை. வாங்குறவங்களுக்கும் தெரியப்போறது இல்ல."

என் பக்கம் நின்றுதான் சொன்னாள், அதை மறக்கமாட்டேன். ஆனால் இளகியிருந்தால் ஒன்றுவிடாமல் குப்பைக்குத்தான் போகும், இருபத்தேழு வீட்டுக்கும் நானே போன் போட்டு இல்லையென்று சொல்லவேண்டும், ஜனவரியில் பாண்டுப். இது எனக்குள் ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

டம்ளரை எடுத்தேன். மூடியோடு காதருகே வைத்துக் குலுக்கினேன்.

சத்தம் வரவில்லை.

மறுபடி குலுக்கினேன். பெட்டிதான் உறுமிக்கொண்டிருந்தது. டம்ளருக்குள் எதுவும் அசையவில்லை.

"என்னது அத்தை அது?" என்றாள் பியூலா. நான் எதற்குக் குலுக்குகிறேன் என்று தெரியாமலே ஊர்மிளா மறுபடி அழ ஆரம்பித்தாள். மனசுக்குள் நான் பாண்டுப் லிஃப்டில் ஏறிவிட்டேன். கதவுகூடச் சாத்தியாகிவிட்டது.

மூடியைத் திறந்து பார்த்தேன். மேலே பூத்தூவினது மாதிரி வெள்ளை. அதன் கீழே ஐஸ் சேர்ந்துதான் இருந்தது. அப்போது அப்பாவின் கை நினைவு வந்தது. ஐஸைப் பார்த்த உடனே அவர் தீர்ப்புச் சொல்லமாட்டார். முட்டியால் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். நாள்பட்டால் இளகாத ஐஸும் ஒன்றையொன்று லேசாகப் பிடித்துக்கொள்ளும், அதற்காக.

டம்ளரைக் கவிழ்த்து, அதன் விளிம்பைப் பெட்டி ஓரத்தில் ஒரு தட்டு தட்டினேன். இரண்டாவது தட்டுக்குக் கலகலவென்று அத்தனையும் என் உள்ளங்கையில் உதிர்ந்தது. தனித்தனித் துண்டு. நான் உடைத்தபடியே கோணல்மாணலாக. ஒரு துண்டின் முனை கையில் குத்தியது.

இளகின ஐஸுக்கு முனை இருக்காது.

என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? அந்தத் துண்டை வாயில் போட்டுக் கடித்தேன். பிறகு பெட்டியைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா, ஏசுவே என்று இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டேன் என்று பியூலா பிறகு சொன்னாள்.

விஷயத்தை விளக்கிச் சொன்னதும் ஊர்மிளா என் கையிலிருந்த ஐஸை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். வாய்வரைக்கும் நிரப்பியதும், நடுவில் யாரும் திறக்காததும் காப்பாற்றியிருக்கிறது. பூட்டிவிட்டுப் போனதும் ஒரு விதத்தில் நல்லதுதான் என்று சொன்னேன். அழுகையும் சிரிப்புமாக என் தோளில் ஒரு அடி வைத்தாள்.

ஷரோன் கீழே கிடந்த டம்ளரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆச்சி, இதுல க்யா லிக்கா ஹே?" என்ன எழுதியிருக்கிறது என்கிறாள்.

"என் பேரு."

"பேரா? நான் டிசைன்னு நெனச்சேன்."

பியூலா அவளை முறைத்தாள். விடு என்று நான் கையைக் காட்டினேன். அன்று எனக்கு யார்மேலும் கோபம் வருவதாக இல்லை.

6

இருபத்தேழு வீட்டுக்கும் கேக் போய்ச் சேர்ந்தது. சுற்றினபடியே இளகவிடுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அனுப்பினேன். அதன் பிறகு ஒரு வாரம், போன் மணி அடிக்கும்போதெல்லாம் கேக் கெட்டுப்போச்சு என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தே எடுப்பேன். செம்பூர் நர்ஸ் கூப்பிட்டாள். இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து பார்த்துவிட்டு வந்த பெண். "ஆன்ட்டி, இந்த வருசம் ஏலக்காய் போட்டீங்களா? வாசனை நல்லா இருக்கே."

"நான் போடல. பெட்டி போட்டுருக்கு" என்று குல்ஃபிக் கதையைச் சொன்னேன். அடுத்த வருஷமும் அந்தப் பெட்டியிலேயே வைக்கச் சொன்னாள். குறை என்று வந்தது அவ்வளவுதான்.

கிறிஸ்மஸ் விடியற்கால ஆராதனைக்கு முப்பது வருஷமாக நான் போகிறேன். வெண்ணெய் வாடையோடு போய், வீங்கின காலைப் பெஞ்சுக்கு அடியில் நீட்டி, பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுவேன். இந்த வருஷம்தான் முதல் தடவையாகப் பிரசங்கத்தை முழுக்கக் கேட்டேன். கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் கேட்டேன். எல்லாக் கேக்கும் முன்னமே போய்விட்ட ஒரு கிறிஸ்மஸ் காலை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன.

சாமுவேல் மத்தியானம் வந்து இரண்டு துண்டு தின்றான். மூன்றாவதுக்குக் கை நீட்டினான்.

"எத்தன நாள் கேக்கும்மா இது?"

"சொல்ல மாட்டேன். சாப்பிடுறத நிறுத்திருவ."

பியூலா அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாண்டுப் பேச்சை அவன் எடுக்கவில்லை. போகும்போது, "பேக்கரியில கேஸ் அடுப்பு எப்பம்மா வருது?" என்று மட்டும் கேட்டான். ஈஸ்டருக்கு வந்துவிடும் என்றேன்.

சிவராத்திரிக்கு ராம்தனி பையா ஊரிலிருந்து வந்தார். பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவ நானும் போனேன். முட்டை வைத்தவள் நான்தானே. கழுவி முடித்து டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஊர்மிளா வழியில் கை வைத்து மறித்தாள். வெயில் காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். குல்ஃபி உள்ளே இளகி மறுபடி உறைந்ததா என்று அவர்களுக்கும் இத்தனை வருஷம் தெரியாது, வண்டியில் வாங்கின பிள்ளை முகம் சுளிக்கும்போதுதான் தெரியும். டம்ளர் இங்கேயே இருக்கட்டும் மௌசி என்றாள்.

கொடுத்துவிட்டேன். இப்போது பால் பாத்திரங்களுக்கு நடுவே, எல்லாவற்றுக்கும் மேலே அது உட்கார்ந்திருக்கிறது. காலையில் நான் அந்த வழியாகக் குழாய்க்குப் போகும்போது, பெட்டி திறக்கிற சத்தமும் அதைத் தொடர்ந்து கலகலவென்று ஒரு சத்தமும் கேட்கும். அதில் வெட்டியிருக்கிற பெயரை வாசிக்க அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. குலுக்கத் தெரியும்.